தாயின் எடையும் பிள்ளையின் இளைப்பும்: மலைவீட்டுக்கு ஒரு கையேடு

பிள்ளைக்கு அடிக்கடி இளைப்பு, அதாவது மூச்சு இழுக்கும் வீசிங், வந்தால் நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் முதல் பழி குளிரின் மேல்தான். அடுத்து தலைக்குக் குளித்தது, தயிர் சாப்பிட்டது, சாரலில் விளையாடியது. கரு தங்குவதற்கு முன் தாயின் எடை என்ன, மாதாமாதம் எந்த வேகத்தில் ஏறியது என்று கேட்பவர்கள் குறைவு. அதற்கும் பிள்ளையின் நெஞ்சுக்கும் தொடர்பு உண்டு.

2014-இல் 14 ஆய்வுகளைச் சேர்த்து, ஒரு லட்சத்து எட்டாயிரம் தாய்-பிள்ளை ஜோடிகளை வைத்துக் கணக்கிட்டார்கள். கர்ப்பத்தில் எடை மிகுந்திருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஆஸ்துமாவோ இளைப்போ வருகிற சாத்தியம் சுமார் 1.3 மடங்காக இருந்தது. கர்ப்ப காலத்தில் அளவுக்கு மீறி எடை ஏறியவர்களுக்கு அது சுமார் 1.16 மடங்கு. புரியும்படி சொன்னால், ஓர் ஊரில் நூறு பிள்ளைகளில் பத்துப் பேருக்கு இளைப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்; கனத்த தாய்மாரின் பிள்ளைகளில் அது பன்னிரண்டு, பதின்மூன்று ஆகும். மீதி எண்பத்தேழு பேருக்கு ஒன்றும் வராது. ஆகவே, பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது என்றதும் "நீ குண்டா இருந்ததாலதான்" என்று மருமகளை நோக்கி விரல் நீட்ட இதில் இடமில்லை. பரம்பரை, புகை, குறைமாதப் பிறப்பு, சளிக்கிருமிகள் என்று பல கைகள் சேர்ந்து செய்கிற வேலை இது. எடை அவற்றில் ஒன்று. ஆனால் முன்கூட்டியே கொஞ்சமாவது நம் பிடியில் இருப்பது.

எப்படி நடக்கிறது? கொழுப்புத் திசு சும்மா கிடக்கிற மூட்டை அல்ல. லெப்டின் போன்ற பொருள்களைச் சுரந்து, உடம்பில் மெல்லிய அழற்சியைக் கனல்போல் வைத்திருக்கும். அந்தச் சூழலில் வளரும் கருவின் நோய் எதிர்ப்பு அமைப்பும் நுரையீரலும் சற்றே வேறுவிதமாகப் பழகுகின்றன என்பதுதான் இப்போதைய விளக்கம். மூச்சுக்குழாய்கள் கிளை பிரிந்து முடிவது ஏறத்தாழ 16, 17 வாரத்தில். வயிறு வெளியே தெரிய ஆரம்பிக்கும்போது அந்த வேலை முடிந்தேவிட்டது. கருவுறும் முன் உள்ள எடைக்கு இவ்வளவு முக்கியத்துவம் தருவது இதனால்தான். இன்னொரு வழி சர்க்கரை. எடை மிகுந்தவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை எளிதில் வரும்; அது கட்டுப்படாவிட்டால் குழந்தையின் உடலில் இன்சுலின் கூடி, நுரையீரல் காற்றறைகளை ஒட்டாமல் விரிய வைக்கிற சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் தயாராவது தாமதமாகும்.

எடை குறைந்த தாய்மாருக்கு வேறு சிக்கல். மேலே சொன்ன கணக்கில் அவர்களின் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா கூடுதலாகத் தெரியவில்லை. ஆனால் 2.5 கிலோவுக்குக் கீழே, அல்லது மாதம் நிறையாமல் பிறக்கும் குழந்தைக்கு மூச்சுக்குழாய் சிறியது; சாதாரண சளியே நிமோனியாவாக இறங்கும். தேயிலைக்காட்டு லைன் வீடுகளிலும் கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடி ஊர்களிலும் இந்தப் பக்கம்தான் அதிகம் கவனிக்க வேண்டியது. டவுன் பக்கம் எடை மிகுதி.

முதலில் தராசைச் சரி செய்யுங்கள்

மலையில் எடுக்கும் எடையில் பாதி பொய் கம்பளியில் இருக்கிறது. ஸ்வெட்டர், சால்வை, குல்லா, உள்ளே இன்னொரு ஸ்வெட்டர் எல்லாம் சேர்ந்து ஒரு கிலோவைத் தாண்டும். தோட்டத்து ரப்பர் பூட்ஸ் தனியாக ஒரு கிலோவுக்கு மேல். மே மாதம் சேலையோடு ஏறி, ஜூலையில் முழுக் கவசத்தோடு ஏறினால் அட்டையில் இரண்டு கிலோ கூடியதாகப் பதிவாகும். உண்மையில் ஒன்றுமே ஏறியிருக்காது. இதன் ஆபத்து என்னவென்றால், வளராத குழந்தை வளர்வதாக எல்லாரும் நிம்மதியாக இருந்துவிடுவார்கள்.

குளிராக இருந்தாலும் ஒரு நிமிடம் கம்பளியையும் செருப்பையும் கழற்றுங்கள். காலையில், சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன். ஒவ்வொரு முறையும் அதே தராசு. பழைய வீடுகளின் பலகைத் தரையிலும் விரிப்பின் மேலும் டிஜிட்டல் தராசு தடுமாறும். சிமென்ட் தரையில் வையுங்கள். சந்தேகம் வந்தால் கடையிலிருந்து பிரிக்காத 5 கிலோ அரிசிப் பையைக் கையில் பிடித்து ஒருமுறை, பிடிக்காமல் ஒருமுறை ஏறிப் பாருங்கள். வித்தியாசம் ஐந்தாக இருக்க வேண்டும்.

உயரத்தைச் சுவரில் சாய்ந்து, கொண்டை அவிழ்த்து அளக்க வேண்டும். எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. உயரம் 152 செ.மீ. என்றால் 1.52 × 1.52 = 2.31. இந்த உயரத்துக்கு 42.7 கிலோவுக்குக் கீழே எடைக் குறைவு (18.5). 53 கிலோவைத் தாண்டினால் இந்தியக் கணக்கில் எடை மிகுதி (23). 58-ஐ எட்டினால் இந்தியக் கணக்கில் உடல் பருமனே (25). நம் உடல்வாகில் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுவதால் இந்திய எல்லைகள் இப்படிக் கீழே வைக்கப்பட்டன. உலக அளவில் எடை மிகுதிக்கு 25, பருமனுக்கு 30.

கருவுறும் முன்பே 60 கிலோ என்றால் மூன்று கிலோ குறைத்தாலே போதுமான தொடக்கம். எடையில் 5 சதவீதம். வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல் இறக்க வேண்டாம். இரண்டு, மூன்று மாதம் ஆகும். கரு தங்கிய பிறகு எடையைக் குறைக்கும் முயற்சி கூடாது. அப்போது செய்ய வேண்டியது ஏறும் வேகத்தைப் பிடிப்பது மட்டும். ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம், கரு தங்குவதற்கு முன்பிருந்தே தினமும்.

எவ்வளவு ஏறலாம்

12 வாரத்துக்குள் பதிவு செய்து, அன்றைய எடையைத் தாய் சேய் நல அட்டையில் எழுத வைத்துவிடுங்கள். அதுதான் தொடக்கப் புள்ளி. ஐந்தாம் மாதம் முதன்முதலாகப் போய் நின்றால் எங்கிருந்து ஏறினீர்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

முதல் மூன்று மாதத்தில் அரை கிலோவிலிருந்து இரண்டு கிலோ. வாந்தியால் ஒன்று, இரண்டு குறைந்தாலும் பதற வேண்டாம். தண்ணீர்கூட நிற்கவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது என்றால்தான் உடனே போக வேண்டும். அதன் பிறகு, மாதக் கணக்கில், பி.எம்.ஐ. 18.5-க்குக் கீழே இருந்தவர்களுக்கு 2 முதல் 2.5 கிலோ, 18.5-லிருந்து 25 வரை 1.5 முதல் 2; 25-லிருந்து 30 வரை 1 முதல் 1.4, 30-க்கு மேல் 700 கிராமிலிருந்து 1.2 கிலோ. மொத்தமாக, அதே வரிசையில், 12.5–18, 11.5–16, 7–11.5, 5–9 கிலோ என்பது 2009-இல் அமெரிக்காவில் உலக பி.எம்.ஐ. எல்லைகளை வைத்து வகுத்த வரம்பு. நம் ஊரில் எல்லாருக்கும் பொதுவாக 10–12 கிலோ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். 70 கிலோவில் தொடங்கும் குள்ளமான பெண்ணுக்கு அது அதிகம். 40 கிலோவில் தொடங்குபவருக்கு அது குறைந்தபட்சம். நர்ஸம்மாவிடம் "எனக்கு எவ்வளவு?" என்று தனியாகக் கேட்டு அட்டையின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 23-க்கும் 25-க்கும் இடையில் இருப்பவர்கள் தங்கள் வரம்பின் கீழ் எல்லையை ஒட்டிப் போவது நல்லது.

20 வாரத்துக்குப் பின் ஒரே வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினால் அது பெரும்பாலும் சோற்றால் அல்ல, நீரால். முகம் வீங்கி, தலைவலி, கண் மங்கல் இருந்தால் அன்றே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். "உப்பைக் குறைச்சா சரியாயிடும்" என்று வீட்டில் உட்காருவது மிக மோசமான முடிவு.

இரண்டு உயிருக்கு இரட்டைச் சோறு இல்லை

நான்காம் மாதத்திலிருந்து கூடுதலாகத் தேவைப்படுவது நாளுக்கு 350 கலோரி. ஒரு முட்டை, ஒரு கைப்பிடி (30 கிராம்) வேர்க்கடலை, சின்ன டம்ளர் பால், அவ்வளவுதான். புரதம் நான்கு முதல் ஆறு மாதத்தில் சுமார் 10 கிராமும், கடைசி மூன்று மாதத்தில் 22 கிராமும் கூட வேண்டும்.

மலையில் எடை ஏற்றுவது பெரும்பாலும் சோறு அல்ல, டீயும் அதோடு வருபவையும்தான். குளிருக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 50 கிராம், அதாவது 200 கலோரி. கூடவே இரண்டு வர்க்கி, ஒரு பன். 350 கலோரி அங்கேயே தீர்ந்துவிடும், புரதம் ஏதும் சேராமல். டீயை இரண்டாகக் குறைத்து, சர்க்கரையை அரை ஸ்பூனாக்கினால் வேறெதையும் தொடாமலே வேகம் இறங்கும். அந்த டீயும் சாப்பாட்டுக்கும் இரும்பு மாத்திரைக்கும் ஒரு மணி நேரம் தள்ளி இருக்கட்டும். டீ இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கால்சியம் மாத்திரையையும் இரும்போடு சேர்த்துப் போடாதீர்கள்.

படுகர் வீட்டு அவரைக் குழம்பு, கீரை, கேழ்வரகுக் களி, சாமைச் சோறு எல்லாம் இந்தத் தேவைக்கு அளவெடுத்ததுபோல் பொருந்துபவை. உருளைக்கிழங்கைக் காய் என்று கணக்கு வைக்காதீர்கள்; அது சோறு. கொடைக்கானல் கீழ்மலையில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம், பட்டர் ஃப்ரூட் மலிவாகக் கிடைக்கும். எடை குறைந்தவர்களுக்குத் தினம் அரைப் பழம் அருமை. கனத்தவர்கள் சர்க்கரை போட்டு ஜூஸ் அடித்தால் அது வேறு பண்டம். அரசு தரும் பெட்டகத்தில் வரும் நெய்யும் பேரீச்சையும் இளைத்த பெண்ணுக்கு உரியவை. 75 கிலோ பெண் மொத்தத்தையும் தானே தீர்க்க வேண்டியதில்லை, வீட்டாரோடு பங்கிடலாம். அங்கன்வாடி சத்துமாவில் வெல்லம் இருப்பதால் சர்க்கரை உள்ளவர்கள் கேட்டுவிட்டு எடுங்கள்.

சர்க்கரைப் பரிசோதனை முதல் வருகையில் ஒன்று, 24–28 வாரத்தில் ஒன்று. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. குடித்த அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் அந்தப் பரிசோதனை செல்லாது, வேறொரு நாள் மறுபடி செய்ய வேண்டும்.

நடைக்கு வாரம் 150 நிமிடம். மேட்டில் ஏறும்போது பேச முடிய வேண்டும். பேச்சு திணறினால் வேகம் அதிகம். விடியலிலும் இருட்டிய பின்னும் காட்டெருமையும் கரடியும் தேயிலைக்குள் உலவும் ஊர்களில் நடைக்கு நேரம் காலை 9-க்கு மேல், மாலை 4-க்குள். பாசி படிந்த படிக்கட்டு வேண்டாம், தார்ச்சாலை போதும். கொழுந்து பறிப்பவர்கள் தனியாக நடக்கத் தேவையில்லை. அவர்களுக்கு வேண்டியது ஓய்வும், நிறைந்த கூடையை வேறு கை தூக்குவதும், மருந்தடித்த நிரையில் இறங்காமலிருப்பதும்.

ஹீமோகுளோபின்: மலைக்கு வேறு கணக்கு

உயரம் கூடக் கூட உடம்பு ஹீமோகுளோபினைத் தானாகவே கொஞ்சம் ஏற்றிவைக்கும். அதனால் சமவெளியில் கர்ப்பிணியின் சோகை எல்லையான 11 கிராம் இங்கே 11 அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் 2011 கணக்கில் 2000 மீட்டருக்கு, அளந்த எண்ணிலிருந்து 0.8 கிராம் கழிக்க வேண்டும். 2024 வழிகாட்டியில் கழிவு இன்னும் கூடிவிட்டது. ஊட்டி சுமார் 2240 மீட்டர். அங்கே வசிக்கும் கர்ப்பிணிக்கு 11.2 என்று வந்தால் "நார்மல்" என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். தினமும் 60 மி.கி. இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம், 180 நாள். சோகை இருந்தால் இரட்டிப்பு, டாக்டர் சொல்படி.

நீலகிரிப் பழங்குடி மக்களிடம், சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் பரம்பரை நோயான அரிவாள் அணுச் சோகை இருப்பது 1952-இலேயே பதிவானது. பணியர், இருளர், குறும்பர் குடும்பங்களில் சோகை மாத்திரைக்கு அசையவில்லை என்றால், அல்லது மூட்டுவலியும் மஞ்சளும் சேர்ந்து வந்தால், அந்த ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

புகை

தாயின் எடையைச் சரிசெய்துவிட்டு, ஜன்னலை மூடிக்கொண்டு விறகடுப்பில் குளிர்காய்ந்தால் பாதி வேலை வீண். சமையலுக்கு கேஸ். வெந்நீருக்கு விறகுதான் என்றால் அடுப்பை வீட்டுக்கு வெளியே சாய்ப்பில் வையுங்கள். கரிக்கும்மட்டியைப் படுக்கையறைக்குள் எடுத்துப்போகவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மூடிய அறையில் ஆளையே கொல்லும். அதற்குக் குறைந்த அளவிலும் வயிற்றுக் குழந்தைக்கான ஆக்சிஜனைத் தட்டிப் பறிக்கும். குளியலறைக்குள் பொருத்திய கேஸ் கீசரும் அதே ரகம்.

வீட்டுக்காரர் பீடி பிடித்தால் வாசலுக்கு வெளியே, ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டு. கம்பளி புகையைப் பல மணி நேரம் தேக்கிவைத்திருக்கும், அதே ஸ்வெட்டரில்தான் பிறகு குழந்தையை அணைப்பார்.

கூடலூர், தேவாலா பக்கம் ஜூனிலிருந்து, குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர், நவம்பரில் சுவரில் பூஞ்சை ஏறும். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். வெயில் எட்டிப் பார்க்கிற மதியத்தில் ஒரு மணி நேரம் ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஈரத்துணியைப் படுக்கையறையில் காயவைக்காதீர்கள். பூஞ்சையைத் துடைப்பது கர்ப்பிணியின் வேலை அல்ல.

தாய்க்கே ஆஸ்துமா இருந்தால் கர்ப்பம் என்று இன்ஹேலரை நிறுத்துவது பெரிய தவறு. புடசோனைடும் சால்ப்யூட்டமாலும் கர்ப்பத்தில் நெடுங்காலமாகப் பயன்படுபவை. மருந்தைவிடத் தாய்க்கு வரும் மூச்சுத்திணறல்தான் குழந்தைக்குக் கேடு.

பிரசவ நாள்

நல்ல நாள், நல்ல நட்சத்திரம் பார்த்து 37-ஆம் வாரத்தில் அறுவைக்குத் தேதி குறிப்பது இன்றும் நடக்கிறது. 39 வாரம் முடியும் முன், வலியும் வராமல், மருத்துவக் காரணமும் இல்லாமல் எடுத்த குழந்தைக்கு நுரையீரலில் நீர் வடியாமல் மூச்சு வாங்குவது அதிகம். ஜோசியரிடம் போகத்தான் வேண்டும் என்றால் 39 வாரம் நிறைந்த பிறகு வரும் நாள்களை மட்டும் கொடுங்கள். கனத்த தாய்மாருக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும், அறுவை வாய்ப்பே அவர்களுக்குக் கூடுதல் என்பதால்.

34 வாரத்துக்கு முன் வலியோ நீர்க்கசிவோ வந்தால் நுரையீரலைப் பக்குவப்படுத்த டெக்ஸாமெத்தசோன் 6 மி.கி. ஊசி, 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் முதல் ஊசியை இங்கேயே போட முடியுமா என்று கேளுங்கள். 14 கொண்டை ஊசி வளைவு இறங்கி மேட்டுப்பாளையம் சேர்வதற்குள், மழைநாளில் மண்சரிவும் சேர்ந்தால், மணிக்கணக்கில் நேரம் போய்விடும். மழைக்காலத்தில் தேதி விழுந்தால் ஒரு வாரம் முன்பே டவுனில் உறவினர் வீட்டுக்கோ ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறைக்கோ வந்துவிடுவது புத்திசாலித்தனம்.

பிறந்த பின்

ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். எடை மிகுந்த தாய்க்குப் பால் இறங்க மூன்று நாளுக்கு மேல்கூட ஆகலாம். அதைப் பார்த்துத்தான் "பாலே இல்லை" என்று டப்பாப் பால் வீட்டுக்குள் நுழைகிறது. தோலோடு தோலாக மார்பில் கிடத்தி, நாளுக்கு 8 முதல் 12 முறை ஊட்டிக்கொண்டே இருந்தால் பால் வரும். குழந்தை நாளுக்கு ஆறு முறை சிறுநீர் கழிக்கிறதா என்று பாருங்கள். ஐந்தாம் நாளிலிருந்து அதுதான் அளவுகோல்.

பாட்டிமார் கோபித்துக்கொண்டாலும் சில வழக்கங்களைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மூக்கில், தொண்டையில் எண்ணெய் விடாதீர்கள். அது நுரையீரலுக்குள் இறங்கி எண்ணெய் நிமோனியா உண்டாக்கும். குளிப்பாட்டிய பின் சாம்பிராணிப் புகை வேண்டாம். உலர்ந்த துண்டால் துவட்டினாலே தலை காயும். கழுதைப்பால் ஒரு சங்குகூட வேண்டாம்.

மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, கைப்பேசிக் கடிகாரத்தில் முழு ஒரு நிமிடம் வயிறு எழுவதை எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் பச்சிளம் குழந்தையிடம் ஏமாந்துபோவீர்கள், அது விட்டுவிட்டு மூச்சு விடும். இரண்டு மாதத்துக்குக் கீழே 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. இதைத் தொட்டாலே வேக மூச்சு, அன்றே காட்ட வேண்டும். விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ 108. வெறும் மூக்கொழுகல் வருஷத்துக்கு ஆறு, எட்டு முறை வருவது சாதாரணம். அதற்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. திரும்பத் திரும்ப இளைப்பு வந்து இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால் ஸ்பேசரும் (இன்ஹேலரில் பொருத்தும் குழல்) முகமூடியும் சேர்த்து வாங்குங்கள். அவை இல்லாமல் அடித்த மருந்து வாயில்தான் படியும்.

அடுத்த பிள்ளைக்கு இரண்டு வருடமாவது இடைவெளி விடுங்கள். முதல் பிரசவத்தில் தங்கிப்போன எடைதான் அடுத்த கர்ப்பத்தின் தொடக்க எடை. பாலூட்டும் முதல் ஆறு மாதம் நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்பதால் பட்டினி போடக் கூடாது. பத்தியம் என்று காயும் முட்டையும் நிறுத்திவிட்டு நெய்ச்சோறு மட்டும் ஊட்டுவதும் கூடாது. 6, 10, 14 வாரத் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எப்படியும் போவீர்கள். குழந்தையை எடை போட்டு முடித்ததும் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு பெரிய தராசில் நீங்களும் ஏறி, அந்த எண்ணை அதே அட்டையில் உங்கள் பெயருக்கு நேராக எழுதச் சொல்லுங்கள்.